மார்கழிச் சென்னையில் மூன்று நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்தால் போதும், ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "டிசம்பரில் மூன்று நாள் சென்னைக்கு வரலாம் என்று இருக்கிறோம். கச்சேரி கேட்க வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும், கேன்டீனில் சாப்பிட வேண்டும். எப்படித் திட்டமிடுவது?" பத்துப் பன்னிரண்டு வருடம் நானே வெளியூரிலிருந்து வந்து போனவன். இப்போது மந்தைவெளிவாசி. எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எந்தத் தேதிகளில் வருவது நல்லது?

டிசம்பர் 20க்கும் 30க்கும் இடையில். முடிந்தால் சனி, ஞாயிறைத் தவிர்த்து.

டிசம்பர் முதல் வாரத்திலேயே சில சபாக்கள், அதாவது கச்சேரி நடத்தும் சங்கங்கள், தொடங்கிவிடும். கச்சேரிகளும் நன்றாகவே இருக்கும். ஆனால் வானத்தை நம்ப முடியாது. 2015இல் சென்னை மூழ்கியது டிசம்பர் 1, 2 தேதிகளில். வர்தா புயல் கரையைக் கடந்தது 2016 டிசம்பர் 12. மிக்ஜாம் மழை கொட்டித் தீர்த்தது 2023 டிசம்பர் 3, 4. வடகிழக்குப் பருவமழையின் வால் எப்போதும் மாதத்தின் முன்பாதியில்தான் ஆடுகிறது. பின்பாதியில் மழையே வராது என்று யாரும் எழுதிக்கொடுக்க மாட்டார்கள். ஒரு குடை இருக்கட்டும், போதும்.

மியூசிக் அகாடமியின் விழா வழக்கமாக டிசம்பர் 15இலிருந்து ஜனவரி 1 வரை. அதற்கு அடுத்த நாள்களில் நாட்டிய விழா. உங்களுக்குப் பாட்டைவிடப் பரதம்தான் பிடிக்கும் என்றால் ஜனவரி முதல் வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். கூட்டமும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

இசை விழா ஏன் டிசம்பரில் நடக்கிறது? மார்கழி பக்தி மாதம் என்பதாலா?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். தொடங்கியது வேறு காரணத்தால். 1927 டிசம்பரில் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியது. அதையொட்டி ஓர் அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அந்த மாநாட்டின் தீர்மானத்திலிருந்து பிறந்ததுதான் 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி. கோர்ட்டும் கல்லூரியும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இருக்கும் நாள்கள். வக்கீல்களும் பேராசிரியர்களும் ரசிகர்களாக இருந்த காலம். மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் வித்வான்களுக்கும் கல்யாணக் கச்சேரி கிடையாது. எல்லோருக்கும் ஓய்வு வாய்த்த மாதம் இது. பக்தி பிறகு வந்து தோள்மீது கைபோட்டுக்கொண்டது என்பது என் எண்ணம். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

மூன்று நாள் போதுமா? ஒரு நாளைக்கு எத்தனை கச்சேரி கேட்கலாம்?

மூன்று இரவுகள் தாராளம். ஒரு நாளைக்கு இரண்டு கச்சேரி, அதற்கு மேல் வேண்டாம்.

முதல் முறை வந்தபோது நான் ஒரு நாளைக்கு ஐந்து கச்சேரி என்று அட்டவணை போட்டேன். காலையில் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, பகலில் தியாகராய நகர், மாலையில் திருவல்லிக்கேணி, இரவில் மறுபடியும் ஆழ்வார்பேட்டை. அன்று நான் கேட்ட பாட்டைவிட ஏறியிறங்கிய ஆட்டோ அதிகம். ஒவ்வோர் இடத்திலும் தொடக்கப் பாட்டான வர்ணம் முடிந்த பிறகு நுழைந்து, மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்குவதற்கு முன் கிளம்பினேன். பந்தியில் இலை போட்டுப் பாயசத்துக்கு முன் எழுந்துபோனவன் கதைதான். அதுவும் ஐந்து பந்தியில்.

ஒரே வட்டாரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை என்று வைத்துக்கொண்டால் அகாடமியும் நாரத கான சபாவும் ஒரே டி.டி.கே. சாலையில் இருக்கின்றன. மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், ரசிக ரஞ்சனி சபா, கிழக்கு மாட வீதியின் பாரதிய வித்யா பவன் எல்லாம் அக்கம்பக்கம். தி. நகர் பிடிக்குமென்றால் கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும் அங்கே. பிடித்த வித்வானைத் துரத்திக்கொண்டு ஊரைச் சுற்றுவதைவிட, பக்கத்துச் சபாவில் யார் பாடினாலும் போய் உட்காருவது நல்லது. பல ஆண்டுகள் துரத்திவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

சென்னையில் குளிருமா? என்ன உடை எடுத்து வருவது?

மார்கழியும் தையும் முன்பனிக் காலம் என்று பள்ளியில் படித்திருப்போம். சென்னையின் பனி இலக்கணத்துக்கு முழுவதும் கட்டுப்படாது. விடியற்காலையில் இருபது, இருபத்திரண்டு டிகிரிக்கு இறங்கும். அதற்கே நடைப்பயிற்சிக்கு வரும் மாமாக்கள் மங்கி குல்லாய் போட்டுக்கொள்வார்கள். பகலில் வெயில் உறைக்கும்.

உண்மையான குளிர் சபாக்களின் உள்ளேதான் இருக்கிறது. ஏசியை ஊட்டி அளவுக்கு வைத்துவிடுவார்கள். முன்வரிசையில் பட்டுப்புடவைமேல் சால்வை போர்த்திய மாமிகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இரண்டாம் நாள் நானே ஒரு சால்வை வாங்கினேன். ஆளுக்கொரு சால்வை, குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர், அவ்வளவுதான். பட்டும் வேட்டியும் கட்டாயமில்லை. சுடிதார், பேன்ட் சட்டை எல்லாம் சரி. காலணி மட்டும் கழற்றி மாட்டச் சுலபமானதாக இருக்கட்டும். கோயில் வாசலில் நன்றி சொல்வீர்கள்.

ரயிலா, பஸ்ஸா? எவ்வளவு முன்னால் பதிவு செய்ய வேண்டும்?

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். 2024 நவம்பரிலிருந்து இந்த விதி. அதற்கு முன் 120 நாள் இருந்தது; இன்னும் பழைய நினைப்பில் இருப்பவர்கள் பலர். டிசம்பர் 24 காலை வந்து சேர வேண்டுமென்றால் அக்டோபர் கடைசி வாரத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் கிறிஸ்துமஸும் சேரும் வாரம் அது. நிமிடங்களில் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும். தட்கல் முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏசி வகுப்புக்கும், 11 மணிக்குத் தூங்கும் வசதிப் பெட்டிக்கும் திறக்கிறது. அதை நம்பித் திட்டம் போடுவது லாட்டரியை நம்பிக் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிப்பது போல.

தென் மாவட்டங்களிலிருந்து அரசு பஸ்ஸில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு, பஸ் கோயம்பேட்டுக்கு வருவதில்லை. கிளாம்பாக்கம் வண்டலூரைத் தாண்டி இருக்கிறது. அங்கிருந்து மயிலாப்பூர் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். விடியற்காலை நான்கு மணிக்கு இறங்கினால் மாநகர பஸ்ஸில் முக்கால் தூக்கத்தில் இன்னொரு பயணம் காத்திருக்கிறது. அதனால் நான் ரயில் கட்சி. எழும்பூரில் இறங்கினால் மயிலாப்பூர் கைக்கெட்டும் தூரம்.

எங்கே தங்குவது?

மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, ராயப்பேட்டை, தேனாம்பேட்டை. இந்த நான்கில் எதுவானாலும் சரி. விடுதிகள் டிசம்பரில் வாடகையை ஏற்றிவிடும். வெளிநாடு வாழ் ரசிகர்கள் மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்குவதும் ஒரு காரணம். மலிவாக இருக்கிறதே என்று பழைய மகாபலிபுரம் சாலையில் அறை எடுத்த நண்பர் ஒருவர், மிச்சம் பிடித்த பணத்தை ஆட்டோவுக்கும் காருக்கும் கொடுத்துவிட்டுப் போனார்.

ஊருக்குள் சுற்ற எது வசதி?

கால்கள். அதற்கு அடுத்து செயலியில் பிடிக்கும் ஆட்டோ. மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிகளால் மயிலாப்பூர், லஸ், ஆழ்வார்பேட்டைப் பகுதியில் சில வருடங்களாகவே சாலைகள் அடிக்கடி திசை மாறுகின்றன. வரைபடம் பத்து நிமிடம் என்று சொன்னால் இருபது என்று வைத்துக்கொள்ளுங்கள். பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையம் கோயிலுக்குப் பக்கம். திருவல்லிக்கேணிக்கும் திருவான்மியூருக்கும் அதுதான் சுலபம். பலரும் மறந்துவிடுகிறார்கள். விமான நிலையத்திலிருந்து வருபவர்கள் மெட்ரோ ஏறித் தேனாம்பேட்டையில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.

கச்சேரி டிக்கெட் எப்படி வாங்குவது? விலை அதிகமா?

மாலை ஆறு, ஏழு மணிக்குத் தொடங்கும் பெரிய வித்வான்களின் கச்சேரிக்குத்தான் கட்டணம் அதிகம். முன்வரிசை உங்களைத் திடுக்கிட வைக்கலாம். பால்கனியும் பின்வரிசையும் சினிமா டிக்கெட் அளவில் கிடைக்கும். சபா உறுப்பினர்களுக்கும் சீசன் டிக்கெட் எடுத்தவர்களுக்கும் போக மிச்சம் இருப்பதுதான் நமக்கு. சில சபாக்கள் இணையத்தில் விற்கின்றன. சில இடங்களில் அன்றைய டிக்கெட்டை அன்று காலை கவுன்ட்டரில் கொடுப்பார்கள். அந்த வரிசையில் நிற்பதை நான் வெறுத்ததில்லை. முந்தின நாள் கச்சேரியைப் பற்றி அங்கு நடக்கும் விசாரணைக்கே டிக்கெட் போடலாம். "தோடி பிரமாதம், ஆனால் அந்த நிரவல் கொஞ்சம் ஓடிப்போச்சு" என்று ஒருவர் தீர்ப்புச் சொல்ல, பின்னால் நிற்பவர் மேல்முறையீடு செய்வார்.

நிகழ்ச்சி நிரலை நவம்பரிலேயே பெரும்பாலான சபாக்கள் வெளியிட்டுவிடும். எல்லாச் சபா அட்டவணையையும் தொகுத்துக் கையடக்கப் புத்தகமாகவும் போடுகிறார்கள். கிடைத்தால் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இலவசக் கச்சேரிகள் உண்டா? அவை கேட்கும்படி இருக்குமா?

உண்டு. கேட்கும்படி என்ன, சில நாள் மாலைக் கச்சேரியைவிட நன்றாக இருக்கும்.

பெரும்பாலான சபாக்களில் பகல் பன்னிரண்டு மணி வாக்கிலும் இரண்டு மணி வாக்கிலும் இளம் கலைஞர்கள் பாடுவார்கள். டிக்கெட் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். பெரிய கூடத்தில் நாற்பது பேர் சிதறி இருப்பார்கள். அதில் பாடுகிறவரின் அம்மா, அப்பா, குரு, வயலின்காரரின் மாமா போக மிச்சம் முப்பத்தாறு. மேடையில் இருக்கும் இருபது வயதுப் பெண்ணுக்கு அன்றைய ஒன்றரை மணி நேரம்தான் அந்த ஆண்டு முழுவதற்குமான பரீட்சை. ஆண்டு முழுக்கச் செதுக்கிய ஒரு காம்போதி ராகத்தை அவள் கொண்டுவந்து வைக்கும்போது, மாலை வித்வானின் அலட்சிய அழகு அங்கே இருக்காது. அதற்குப் பதில் ஒரு பதற்றமும் பசியும் இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். இன்று மாலை வரிசையில் முந்நூறு பேரை நிற்க வைப்பவர்களை நான் முதலில் கேட்டது இப்படி ஒரு காலி மத்தியானத்தில்தான்.

காலையில் அகாடமியில் நடக்கும் சோதாஹரண விளக்கவுரைகளுக்கும் ஒரு முறை போய்ப் பாருங்கள். ஒரு ராகத்தையோ ஒரு வாத்தியத்தின் வரலாற்றையோ எடுத்துக்கொண்டு, பாடியும் வாசித்தும் காட்டி விளக்குவார்கள். நிபுணர்களின் கூட்டம்தான்; ஆனாலும் யாரும் வாசலில் கேள்வி கேட்டு அனுப்புவதில்லை.

எனக்கு ராகமே தெரியாது. வந்து என்ன செய்வேன்?

வாருங்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் பாதிதான் தெரியும். அவர் தலையாட்டுவதை வைத்து ஏமாறாதீர்கள்.

கச்சேரியின் கட்டமைப்பைத் தெரிந்துகொண்டால் போதும், பாதி அச்சம் போய்விடும். இன்று நாம் கேட்கும் கச்சேரி முறையை வகுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்பார்கள். அதற்கு முன் ஒரே பல்லவியை, அதாவது ஒற்றை வரியை, மணிக்கணக்கில் பாடும் வழக்கம் இருந்தது. முதலில் வர்ணம், தொண்டையும் கைகளும் சூடேறும் நேரம். பிறகு சில சிறிய கீர்த்தனைகள். அதன் பிறகு ஒரு ராகத்தைச் சொல்லில்லாமல் விரித்துக்கொண்டே போவார், அது ஆலாபனை. அந்த ராகத்தில் ஒரு பெரிய கீர்த்தனை, அதில் ஒரு வரியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் புதிதாகப் பாடுவது நிரவல், பின் ஸ்வரம். அதன் பிறகு பாடகர் ஒதுங்கிக்கொள்ள, மிருதங்கமும் கடமோ கஞ்சிராவோ இருந்தால் அதுவும் பேசிக்கொள்ளும் தனி ஆவர்த்தனம். கடைசியில் துக்கடா எனப்படும் சிறிய பாடல்கள், மங்களம். சில மேடைகளில் நடுவில் ராகம் தானம் பல்லவியும் வரும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு யோசனை: பாடகரைப் பார்க்காமல் அரைமணி நேரம் வயலின்காரரை மட்டும் பாருங்கள். பாடகர் ஒரு பிடியை வீசுவார். அது எங்கே போகிறது என்று தெரியாமலே இவர் பின்தொடர்ந்து பிடிப்பார். அங்கே நடப்பது முன்கூட்டி எழுதி வைத்ததில்லை என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். அதற்கு ராகத்தின் பெயர் தேவையில்லை.

சபாவுக்குள் செய்யக்கூடாதவை என்ன?

தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போகாதீர்கள். இது முதல் விதி, இதை மீறாத சபா கிடையாது. மிருதங்கம் தொடங்கியதும் கேன்டீன் பக்கம் ஒரு சிறு ஊர்வலம் கிளம்பும். அத்தனை வருடம் சாதகம் செய்தவர் அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகத்தான் அங்கே இருக்கிறார். அவருக்கு நம் முதுகைக் காட்டுவது அசிங்கம். போக வேண்டுமென்றால் ஒரு பாட்டு முடிந்ததும் போய்விடுங்கள்.

போன் சத்தத்தை நிறுத்துங்கள், பதிவு செய்யாதீர்கள். தொடையில் தாளம் போடலாம். பக்கத்துவீட்டுக்குக் கேட்கும்படி வேண்டாம். ராகத்தின் பெயரைக் காதோடு கிசுகிசுக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். தவறாகச் சொல்லிவிட்டால் அவமானம், சரியாகச் சொன்னாலும் தொந்தரவு.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

பகல் கச்சேரிக்கு, கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில். மாலைக் கச்சேரியைவிட நாட்டிய நிகழ்ச்சி அவர்களுக்குச் சரிப்படும்.

எல்லாம் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் இருக்கிறதே. தமிழில் கேட்க எங்கே போவது?

இந்தக் கேள்விக்கு வயது எண்பதுக்கு மேல். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று நடத்திய தமிழிசை இயக்கம் எழுந்ததே இதற்காகத்தான். துக்கடா நேரத்தில் மட்டும் தமிழா என்ற கோபத்தில் நியாயம் இருந்தது. இன்றும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கம், பாரிமுனை அருகே ராஜா அண்ணாமலை மன்றத்தில் டிசம்பரில் விழா நடத்துகிறது. பண் ஆராய்ச்சியும் உண்டு. தேவாரப் பண்களை ஓதுவார்கள் வாயால் கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் சென்னையில் குறைவு.

சபா இசை மட்டும்தான் சென்னையின் மார்கழி என்று நினைத்துவிடவும் வேண்டாம். நீலம் பண்பாட்டு மையம் 2020இலிருந்து 'மார்கழியில் மக்களிசை' என்று பறை, கானா, ஒப்பாரி, நாட்டுப்புறப் பாட்டு எல்லாவற்றையும் டிசம்பரில் மேடை ஏற்றுகிறது. ஒரு மாலை ராகம் தானம் பல்லவி, மறு மாலை பறை. இரண்டையும் அடுத்தடுத்து கேட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர்தான் சென்னையைக் கேட்டவர் என்பேன். யுனெஸ்கோ 2017இல் சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெயர் சபாக்களுக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது.

கேன்டீன், கேன்டீன் என்கிறார்களே. அப்படி என்ன?

டிக்கெட் இல்லாமலும் போகலாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பலர் சாப்பிட மட்டுமே வருகிறார்கள், அதை மறைப்பதும் இல்லை. ஒவ்வொரு சபாவும் சீசனுக்கு ஒரு சமையல் கான்ட்ராக்டரைப் பிடித்து வளாகத்திலேயே பந்தல் போடும். கல்யாணமில்லாத மாதம் சமையல்காரர்களுக்கும் ஓய்வு மாதம்தானே. அதனால் கல்யாணச் சமையலின் கைமணம் அப்படியே இங்கே வந்து இறங்கும்.

மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு. நீண்ட வரிசை, டோக்கன், பொறுமை. சாயங்காலம் அடை அவியல், வாழைப்பூ வடை, ஒரு நாள் அசோகா, ஒரு நாள் காசி அல்வா. இன்றைய சிறப்பு என்ன என்று கரும்பலகையில் எழுதியிருக்கும், அதையே கேளுங்கள். மற்றவை எந்த ஓட்டலிலும் கிடைக்கும். நாலரை மணிக்குப் போனால் உட்கார இடம் கிடைக்கும். ஆறு மணிக் கச்சேரிக்கு முந்தின அரைமணியில் போனால் நின்றுகொண்டே காபி குடிக்க வேண்டியதுதான். விலை மலிவில்லை. எல்லாக் கேன்டீனும் புகழுக்குத் தகுந்தபடி இருப்பதும் இல்லை. ஒரு வருடம் பெரிய பெயர் உள்ள இடம் ஒன்றில் எனக்குக் கிடைத்த அவியல், வெறும் மோர்க்குழம்பில் மிதந்த கேரட். பெயரைச் சொல்லப்போவதில்லை, மறுவருடம் திருந்திவிட்டார்கள்.

விடியற்காலையில் எழுந்து மயிலாப்பூருக்குப் போக வேண்டுமா?

மூன்று நாளில் ஒரு நாளாவது. இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சூரியன் எழ ஆறரை ஆகிவிடும். ஐந்து மணிக்கு மாட வீதி இருட்டாக, ஈரமாக இருக்கும். வாசல் தெளித்த வீடுகளில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். பூசணிப்பூ வைக்கும் வழக்கம் அடுக்குமாடிகளால் குறைந்துபோனது, சில வீடுகளில் இன்னும் உண்டு. கபாலீசுவரர் கோயிலில் திருவெம்பாவை ஒலிக்கும். பெருமாள் கோயில்களில் திருப்பாவை, நாளுக்கொரு பாசுரம். முப்பது பாசுரம், முப்பது விடியல். மயிலையின் மாட வீதிகளில் கீர்த்தனாசிரியர் பாபநாசம் சிவன் மார்கழி பஜனை நடத்தி வந்தார். அவர் 1973இல் மறைந்தார். பஜனை நிற்கவில்லை. பெரிய வித்வான்கள் மைக் இல்லாமல், செருப்பில்லாமல், ஜால்ராவோடு நடந்து பாடுவதை இங்கே பார்க்கலாம். மாலையில் ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கேட்ட அதே குரல்.

முடிந்ததும் கையில் தொன்னையில் சூடாக வெண்பொங்கல். ஜனவரி 11 வாக்கில், மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லியன்று வந்திருந்தால் பெருமாள் கோயிலில் அக்கார அடிசில் என்ற நெய்ச் சர்க்கரைப் பொங்கல் கிடைக்கும். முழங்கை வழியே நெய் வழிய வேண்டும் என்பது ஆண்டாளின் அளவுகோல். இன்றைய கோயில்கள் உள்ளங்கையோடு நிறுத்திக்கொள்கின்றன.

வைகுண்ட ஏகாதசிக்குத் திருவல்லிக்கேணி போகலாமா?

பஞ்சாங்கத்தில் தேதி பார்த்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்கு ஆண்டு மாறும். சொர்க்க வாசல் விடிவதற்கு முன் திறக்கும். முந்தின இரவிலிருந்தே பார்த்தசாரதி கோயிலைச் சுற்றி வரிசை நிற்கும். முதியவர்களோடும் குழந்தைகளோடும் வந்திருந்தால் அன்று போக வேண்டாம். மறுநாள் பெருமாள் அங்கேதான் இருப்பார்.

கிறிஸ்துமஸ் அன்று என்ன செய்யலாம்?

கச்சேரிகள் வழக்கம்போல நடக்கும். 24ஆம் தேதி இரவு சாந்தோம் பேராலயத்தின் நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய் வாருங்கள். அப்போஸ்தலர் தோமாவின் கல்லறை என்று நம்பப்படும் இடத்தின்மேல் எழுந்த கோயில். இப்போதைய வெள்ளைக் கோபுரக் கட்டடம் 1896ஐச் சேர்ந்தது. கபாலீசுவரர் கோயிலிலிருந்து நடந்தே போகலாம்.

அதைவிடப் பழையது லஸ் முனையருகே இருக்கும் பிரகாச மாதா ஆலயம். 1516இல் போர்ச்சுகீசியர் கட்டியது. மயிலாப்பூர்வாசிகள் காட்டுக் கோயில் என்பார்கள். அன்று சுற்றிலும் காடு. மாலுமிகளுக்கு ஓர் ஒளி வழிகாட்டியது என்றும் அது மறைந்த இடத்தில் கோயில் கட்டினார்கள் என்றும் சொல்லும் கதையில்தான் லஸ் என்ற பெயர் வருகிறது. போர்ச்சுகீசில் லஸ் என்றால் ஒளி. மாட வீதியின் திருவெம்பாவையும் லஸ்ஸின் நட்சத்திர விளக்கும் ஒரே காலை நடையில் அடங்கிவிடும் ஊர் இது. இரண்டையும் பார்த்துவிட்டுக் காலை விளக்கவுரைக்குப் போய்த் தூங்கியவனும் உண்டு. நான்தான்.

புத்தாண்டு இரவு மெரினாவுக்குப் போகலாமா?

கூட்டம் பிடித்தவர்கள் போகலாம். கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், கடலில் இறங்க விடமாட்டார்கள், திரும்ப ஆட்டோ கிடைக்காது. நடந்து திரும்பும் தூரத்தில் தங்கியிருந்தால் மட்டும். நானாக இருந்தால் சீக்கிரம் தூங்கி, ஜனவரி 1 விடியலில் அதே கடற்கரைக்குப் போவேன்.

கூட வருகிறவருக்குக் கச்சேரியே பிடிக்காது. அவரை என்ன செய்வது?

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள். 1851இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை, இதை மறந்து பூட்டிய கேட்டைப் பார்த்தவர்கள் பலர். செப்புத்திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். மார்கழித் திருவாதிரை நடராசருக்கு உரிய நாள் என்பதால், இந்த மாதத்தில் அவரைப் பார்ப்பதற்கு ஒரு பொருத்தம் உண்டு. நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் திருவாலங்காடு ரத்தின சபை. ஆக, கச்சேரி பிடிக்காதவரும் ஒரு சபாவுக்குப் போனதாகிவிடும்.

அவர் புத்தகப் பிரியர் என்றால் வேலையே இல்லை. 1977இலிருந்து நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி டிசம்பர் கடைசியிலோ ஜனவரி முதல் வாரங்களிலோ நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் தொடங்கும். நந்தனம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். காலையில் விட்டுவிட்டு வந்தால் இரவு மூட்டையோடு கிடைப்பார். ஒரு நாள் முழுக்க இருந்தால் மாமல்லபுரம். சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழா டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி வரை மாலைகளில் நடக்கிறது. திரும்ப இரவாகிவிடும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

பொங்கல் வரை தங்கிவிடலாமா?

தங்கலாம். ஜனவரியில் ஊர் இன்னும் இதமாக இருக்கும். மயிலாப்பூரில் வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடக்கும் வாரமும் அதுவே. ஆனால் ஊர் திரும்பும் நாளைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். போகிக்கு முந்தின இரண்டு நாள் சென்னையே தெற்கு நோக்கிக் கிளம்பும். தாம்பரத்தைத் தாண்டவே நள்ளிரவாகிவிடும். போகியன்று காலை விமானத்தில் போகலாம் என்று நினைத்தால் அதுவும் வேண்டாம். பழையதை எரித்த புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமான போகிகள் உண்டு. பொங்கலன்று காலை ரயிலில் இடம் கிடைக்கும். எல்லோரும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருப்பார்கள்.